பெயர் பொறித்த வாளும் பெயர் பெற்ற கடையும்: டோக்கியோவில் ஒரு பழைய வாள் வாங்கிய நிகழ்வு

பின்னணி

2023ஆம் ஆண்டு இளவேனிற்காலத்தில், டோக்கியோவில் நெடுநாளாகப் பணியாற்றிவந்த பொறியாளர் ஒருவர் பழைய ஜப்பானிய வாள் ஒன்றை வாங்க முடிவு செய்தார். இந்தப் பதிவில் அவரை 'வாங்குபவர்' என்றே குறிப்பிடுகிறேன். அவர் அவசரக்காரர் அல்லர். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உயேனோவில் உள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கும், ரியோகொகு பகுதியில் உள்ள ஜப்பானிய வாள் அருங்காட்சியகத்துக்கும் பலமுறை சென்று, கண்ணாடிக்கு அப்பால் இருந்த வாள்களை மணிக்கணக்கில் பார்த்தவர். ஆனால் ஒரு வாளைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவர் ஒதுக்கி வைத்திருந்த தொகை 9 இலட்சம் யென். நீண்ட வாளான கத்தானாவுக்கு அது போதாது என்று உணர்ந்து, அதே கொல்லர் செய்ததானாலும் விலை குறைவாகக் கிடைக்கும் குறுவாளான வாக்கிஸாஷி ஒன்றையும், கைக்காப்பு வட்டாகிய ட்சுபா ஒன்றையும் வாங்க எண்ணினார்.

நான் வணிகனும் அல்லன், தரம் மதிப்பிடும் வல்லுநனும் அல்லன். வாள்களைக் கையிலெடுத்துப் பயிலும் கூட்டங்களுக்குச் சில ஆண்டுகளாகச் சென்றுவருபவன் என்பதால் அவர் என்னைத் துணைக்கு அழைத்தார். இந்த நிகழ்வில் நேர்ந்த முதல் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்காமல் எழுதுவதே முறை.

போலிப் பெயர் பொறிப்பு அண்மைக்காலத்தில் தோன்றிய தொல்லை அன்று. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) வாள்கள் பிரபுக்களிடையே பரிசாகக் கைமாறின. வாள் மதிப்பிடுவதைத் தொழிலாகக் கொண்ட ஹோனாமி குடும்பத்தார் எழுதிக் கொடுத்த மதிப்புச் சான்றுகள் வாளின் விலையை நிர்ணயித்தன. புகழ்பெற்ற கொல்லரின் பெயரை வேறொருவர் வாளில் வெட்டும் வழக்கமும், அந்தச் சான்றுகளையே போலியாக எழுதும் வழக்கமும் அப்போதே பெருகின. ஆகவே முந்நூறு ஆண்டுப் பழைமை உடைய வாளில் உள்ள பெயர் இருநூறு ஆண்டுப் பழைமை உடைய பொய்யாகவும் இருக்கலாம். அதை விற்பவரே அறியாமல் விற்கவும் கூடும். இதனால்தான் வாளைத் தேடுவதற்கு முன் விற்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்த வரிசை முதலில் புரியவில்லை.

முதல் கடை

இணையத்தில் அழகான படங்களோடு வாள்களை விற்றுவந்த ஒரு கடையில், 'ட்சுதா எச்சிஸென் நோ காமி சுகேஹிரோ' என்று பெயர் பொறித்த வாக்கிஸாஷி ஒன்றை வாங்குபவர் கண்டார். சுகேஹிரோ 17ஆம் நூற்றாண்டில் ஒசாகாவில் வாழ்ந்த பெருங்கொல்லர். வாளின் வெட்டும் விளிம்பாகிய வாயோரத்தில் கடலலை புரண்டு எழுவதுபோல் தோன்றும் பதக்கோட்டை, அதாவது இரும்பைப் பதப்படுத்தும்போது உண்டாகும் கோட்டை, உருவாக்கியவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. அந்தப் புகழ் காரணமாகவே அவர் பெயரை வெட்டிய போலிகளும் ஏராளம். கடை கேட்ட விலை 8,50,000 யென். ஐயமற்ற சுகேஹிரோ வாள் அந்த விலைக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்திருந்தும், வாள் வாக்கிஸாஷி என்பதாலும் மெருகு பழையது என்பதாலும் விலை குறைந்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாளுடன் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, மாநிலக் கல்வி வாரியம் வழங்கிய பதிவு அட்டை. மற்றொன்று, ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் பல பத்தாண்டுகளுக்கு முன் வழங்கிய பச்சைநிறச் சான்று. கடைக்காரர் இரண்டையும் மேசையில் விரித்து வைத்து, அரசும் சங்கமும் ஏற்றுக்கொண்ட வாள் இது என்றார். கடையின் சுவரில் பழம்பொருள் வணிக உரிமப் பலகை மாட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் குறித்துவைத்து, உரிமம் உள்ள கடைதான் என்று உறுதி சொன்னவன் நான். வாங்குபவர் 1 இலட்சம் யென் முன்பணம் கொடுத்தார்.

இந்த மூன்றையும் நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம். பழம்பொருள் வணிக உரிமம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலப் பொதுப் பாதுகாப்பு ஆணையம் வழங்குவது. திருட்டுப் பொருள்கள் சந்தையில் கலப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். உரிமம் இல்லாதவரிடம் வாங்கக்கூடாது என்பது சரி, ஆனால் உரிமம் பெற்றவர் வாளை அறிந்தவர் என்பதற்கோ நேர்மையானவர் என்பதற்கோ அது சான்றாகாது. பச்சைநிறச் சான்று, சங்கம் 1982இல் தன் சான்று முறையை மாற்றியமைப்பதற்கு முந்தையது. அக்காலச் சான்றுகளில், பெரிய பெயர்களுக்கு வழங்கப்பட்டவற்றை இன்றைய வணிகர்கள் அப்படியே ஏற்பதில்லை. புதிதாக மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். பதிவு அட்டையைப் பற்றி அடுத்த பகுதியில் எழுதுகிறேன், ஏனெனில் புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது அதில்தான்.

காம்பைப் பார்த்த நாள்

முன்பணம் கொடுத்த அன்று, பிடிக்குள் மறைந்திருக்கும், பெயர் வெட்டப்பட்ட காம்பை நாங்கள் கழற்றிப் பார்க்கவில்லை. பிடியையும் காம்பையும் பிணைக்கும் மூங்கில் ஆணி இறுகிவிட்டது என்று கடைக்காரர் கூறியதை ஏற்றுக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் சென்று, காம்பைப் பார்க்காமல் மீதித் தொகை தர இயலாது என்று வாங்குபவர் உறுதியாகச் சொன்னதும், ஆணி சிறு சுத்தியின் இரண்டு தட்டில் கழன்றது.

ஒரு பழைய வாளின் வரலாற்றில் பெரும்பகுதி காம்பில்தான் எழுதப்பட்டிருக்கும். அலகை மெருகேற்றுவார்கள், காம்பை எவரும் தொடமாட்டார்கள். அதன் துரு நூற்றாண்டுக் கணக்கில் படிந்து, கறுத்த பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஒரே சீராக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த காம்பின் பரப்பில் அத்தகைய பழந்துரு இருந்தது. ஆனால் எழுத்துகளின் பள்ளத்துக்குள் துரு வேறு நிறத்தில், பொடிப்பொடியாக இருந்தது. உளி வெட்டும்போது ஓரத்தில் பிதுங்கும் இரும்பு காலப்போக்கில் மழுங்கியிருக்க வேண்டிய இடத்தில் விரலுக்குக் கூர்மையாக உறுத்தியது.

இதைவிடத் தெளிவான அடையாளம் மறுபக்கத்தில் இருந்தது. அங்கே ஜப்பானிய ஆண்டுக்கணக்கின்படி கான்புன் 10ஆம் ஆண்டு, அதாவது 1670, என்று தேதி வெட்டப்பட்டிருந்தது. சுகேஹிரோ தன் குடும்பப் பெயரான 'ட்சுதா'வை முதலில் கட்டமான எழுத்திலும், 1674 வாக்கிலிருந்து வளைந்தோடும் எழுத்திலும் வெட்டினார் என்பது வாள் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். இந்த வாளில் பெயர் வளைந்தோடும் எழுத்தில் இருந்தது, தேதியோ அந்த எழுத்து அவர் கைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு. இதைக் கவனித்தபோது எனக்கு மனம் கனத்தது. இந்த ஒரு செய்தியை நான் முதல் நாளே, படத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க முடியும். கடையின் இணையப் பக்கத்தில் காம்பின் இருபுறப் படங்களும் இருந்தன.

கடைக்காரரிடம் இதைப் பணிவாகக் கேட்டோம். அவர் பதிவு அட்டையை எடுத்து, பெயர் என்ற கட்டத்தில் சுகேஹிரோ என்று கல்வி வாரியமே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்த அட்டை, 1958ஆம் ஆண்டுத் துப்பாக்கி மற்றும் வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒரு வாளைச் சட்டபூர்வமாக வைத்திருக்க வழங்கப்படுவது. வாளின் வகை, நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, காம்பில் காணப்படும் எழுத்து ஆகியவை அதில் பதியப்படும். காம்பில் என்ன வெட்டியிருக்கிறதோ அதை அலுவலர் அப்படியே எழுதுவார். அதை வெட்டியது யார் என்று அட்டை சொல்வதில்லை.

விலகும் முடிவு

வாங்குபவர் அன்றே விலகிவிடவில்லை. தம் ஐயம் தவறாகவும் இருக்கலாம் என்று கருதி, நியாயமான ஒரு வழியை முன்வைத்தார்: வாளைச் சங்கத்தின் புதிய மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்; கட்டணத்தைத் தாமே ஏற்பார்; சுகேஹிரோ என்று சான்று வந்தால் முழு விலையையும் தருவார், வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். கடைக்காரர் மறுத்தார். பழைய சான்று இருக்கும்போது புதியது எதற்கு என்பது அவர் வாதம். தான் விற்கும் பெயரில் நம்பிக்கை உள்ளவர் இந்த ஏற்பாட்டை மறுக்கக் காரணமே இல்லை என்று நாங்கள் எண்ணினோம். விலகுவதற்கு அதுவே போதுமான காரணமாயிற்று.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. முழுவதையும் கேட்டு வழக்காடலாமா என்று வாங்குபவர் யோசித்தபோது ரசீதை எடுத்துப் பார்த்தோம். அதில் 'வாக்கிஸாஷி ஒன்று, பெயர் பொறிப்பு உடையது' என்று மட்டும் இருந்தது. வாள் வணிகத்தில் 'ஸாய்மெய்' என்றால் பெயர் பொறிக்கப்பட்டது என்று பொருள். 'ஷோஷின்' என்றால் அந்தப் பெயர் மெய்யானது என்று பொருள். கடைக்காரர் வாயால் இரண்டாவதைச் சொல்லிவிட்டு, தாளில் முதலாவதை மட்டும் எழுதியிருந்தார். 50,000 யென் இழப்போடு அந்த விஷயத்தை விட்டுவிட வாங்குபவர் முடிவு செய்தார். அந்த முடிவு சரி என்றே இன்றும் எண்ணுகிறேன்.

தேடும் முறையை மாற்றியது

அதன்பின் நான்கு மாதங்கள் எந்த வாளையும் விலை கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டோம். வாள்களைப் பற்றி விசாரிப்பதை விட்டு, வணிகர்களைப் பற்றி விசாரித்தோம். பயிற்சிக் கூட்டத்தில் பல ஆண்டு மூத்தவர்கள் யாரிடம் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாங்கினார்கள் என்று கேட்டோம். முதல் முறை வாங்கியதைப் பற்றிய புகழ்ச்சியை விட, திரும்பச் சென்றார்களா என்பதே எங்களுக்குத் தேவைப்பட்டது. மரபு முறையில் கற்களால் வாளை மெருகேற்றும் கைவினைஞர் ஒருவரையும் கேட்டோம். அவர் யாரையும் புகழவில்லை, குறை கூறவுமில்லை. தம்மிடம் வாள்களை அனுப்பும் வணிகர்கள் சிலரின் பெயரை மட்டும் சொன்னார். மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் வாளின் உடம்பு சற்றுக் குறைகிறது என்பதால், தேவையற்ற மெருகுக்கு வாளை அனுப்பாத வணிகரே அவர் மதிப்பில் நல்லவர். அந்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாங்களாக அதை எண்ணியிருக்கமாட்டோம்.

இலையுதிர் காலத்தில், மினாட்டோ பகுதியில் உள்ள டோக்கியோ பிஜுட்சு கிளப் கட்டடத்தில் வாள் வணிகர்களின் கூட்டுறவுச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பெருஞ்சந்தைக்குச் சென்றோம். ஒரே கூரையின்கீழ் பல பத்து வணிகர்கள் கூடும் இடம் அது. கூட்டுறவில் உறுப்பினர் என்பது தனித்து ஓர் உறுதியாகாது. ஆனால் ஒருவர் ஆண்டுதோறும் தம் தொழில்முறைச் சகாக்களின் கண்முன்னே கடை விரிக்கிறார் என்பதற்குப் பொருள் உண்டு. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தோம். காம்பைப் பார்க்கலாமா, இந்த வாளின் குறை என்ன, சான்று இல்லாததை மதிப்பீட்டுக்கு அனுப்பித் தருவீர்களா, சில ஆண்டு கழித்து நான் திரும்ப விற்க வந்தால் என்ன செய்வீர்கள் என்பவை அவை. பதிலைவிட, பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம் கற்பித்தது. குறை என்ன என்று கேட்டதும் சிலர் விலையைக் குறைத்துப் பேசினார்கள். சிலர் வாளை விளக்கருகே பிடித்துக் காட்டினார்கள்.

இரு வணிகர்கள்

அங்கே சந்தித்தவர்களில் இருவரின் கடைகளுக்குப் பின்னர் சென்றோம். முதலாமவர் உயர்தர வாள்களை மட்டும் விற்பவர். அவரிடம் இருந்தவை பெரும்பாலும் வாள் பாதுகாப்புச் சங்கம் வழங்கும் சான்றுகளின், கீழிருந்து மேலாக அமைந்த நான்கு படிநிலைகளான ஹோஸோன், தொகுபெட்சு ஹோஸோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ ஆகியவற்றில் மேல்நிலைச் சான்று பெற்றவை. வாங்குபவரின் தொகையைக் கேட்டுவிட்டு, தம் கடையில் அவருக்கு ஏற்றது ஏதும் இல்லை என்று நேராகச் சொன்னார். எனினும் ஒரு மணி நேரம் செலவிட்டு இரண்டு வாள்களைக் கையில் கொடுத்து, எப்படித் தலைவணங்கி வாங்குவது, அலகைத் தொடாமல் எப்படி விளக்கின் ஒளியைப் பதக்கோட்டின் மேல் ஓடவிடுவது என்று கற்றுக்கொடுத்தார். பிறகு வேறொரு வணிகரின் பெயரைச் சொன்னார். மெருகேற்றுபவர் சொன்ன பெயர்களில் அதுவும் ஒன்று.

அந்த இரண்டாமவரின் கடை மாடியில், பெயர்ப்பலகை சிறியது, காட்சிக்கு வைத்தவை பத்துக்கும் குறைவு. முதல் இரண்டு முறை அவர் எங்களிடம் எதையும் விற்க முற்படவில்லை. மூன்றாம் முறை, வாங்குபவர் அதற்கு முன்பே இணைய ஏலத்தில் 80,000 யென்னுக்கு வாங்கிய ட்சுபா ஒன்றை எடுத்துச் சென்றார். அது 'நோபுயியே' என்று பெயர் வெட்டிய இரும்பு வட்டு. கைக்காப்பு செய்தவர்களில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அது. போலிகளும் அதற்கேற்ற அளவில் உள்ளன. வணிகர் அதை நெடுநேரம் பார்த்து, "இது கடினமானது" என்றார். பிறர் விற்ற பொருளைப் போலி என்று நேராகச் சொல்லாமல், கடினமானது என்று சொல்வது இந்த வணிகத்தின் மரியாதை. பின்னர், தம்மிடமிருந்த அடித்துச் செய்த இரும்பு ட்சுபா ஒன்றையும் வார்த்துச் செய்த ஒன்றையும் அருகருகே வைத்தார். அடித்த இரும்பின் விளிம்பில் வன்மையான இரும்பு முண்டுமுண்டாகப் புடைத்து நிற்பதையும், வார்ப்பில் துளைகளின் உட்சுவரில் சிறு குமிழிப் பள்ளங்கள் தங்கியிருப்பதையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். வாங்குபவர் தம் ட்சுபாவைத் தாமே தடவிப் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வாங்கியது

2024 தொடக்கத்தில் அந்த வணிகர் ஒரு வாக்கிஸாஷியை எடுத்து வைத்தார். இன்றைய சாகா, நாகசாகி மாநிலங்கள் அடங்கிய பழைய ஹிஸென் நாட்டில் செய்யப்பட்டது. அங்கே புகழ்பெற்ற வாள் பட்டறையின் தலைமை வழியான ததாயோஷி குடும்பத்தார் செய்தது அன்று. அந்தப் பட்டறையின் முறையைப் பின்பற்றிய பக்கவழிக் கொல்லர் ஒருவர் பெயர் வெட்டியது. ஹிஸென் வாள்களின் இரும்புப் பரப்பை ஜப்பானியர் 'கொனுகா' என்பார்கள். அரிசித் தவிடு என்பது அதன் பொருள். மிக நுணுக்கமாக, ஈரத்தோடு மின்னும் அந்த இழையைப் பார்த்தபோது, தவிடு என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

கேட்பதற்கு முன்பே குறையைச் சொன்னார். ஹிஸென் வாள்களில் வெளித்தோலாக அமையும் இரும்பு மெல்லியது. பலமுறை மெருகேற்றப்பட்டால் உள்ளிரும்பு வெளியே தெரியத் தொடங்கும். இந்த வாளில் பிடிக்கு மேலே ஒரு கட்டை விரல் அகலத்தில் இழையற்ற, மங்கலான ஒரு திட்டு இருந்தது. இன்னொரு முறை மெருகுக்குக் கொடுத்தால் அது பெரிதாகும், ஆகவே கொடுக்காதீர்கள் என்றார். வாயோரத்தில் குறுக்கே விழும் விரிசல் மட்டும் இருந்துவிட்டால் வாள் எதற்கும் உதவாது என்பதால், ஒளியை வாயின்மேல் நேராக விழச் செய்து முழு நீளத்தையும் காட்டினார். விரிசல் இல்லை.

வாளுக்குப் புதிய சான்று இல்லை. தாமே தம் செலவில் மதிப்பீட்டுக்கு அனுப்புவதாகவும், பெயர் மெய்யென்று வராவிட்டால் விற்பனையே இல்லை என்றும், அதுவரை பணம் எதுவும் வேண்டாம் என்றும் கூறினார். நாங்கள் முதல் கடையில் கெஞ்சிக் கேட்டு மறுக்கப்பட்ட ஏற்பாடு இங்கே கேட்காமலே கிடைத்தது. காத்திருக்க வாங்குபவர் தயங்கவில்லை. சில மாதங்களில் ஹோஸோன் சான்று அதே கொல்லரின் பெயரோடு வந்தது. விலை 6,20,000 யென். ரசீதில் 'ஷோஷின்' என்ற சொல் இருந்தது. வாளின் அளவுகள் பதிவு அட்டையில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று அளந்து பார்த்து, அதையும் ரசீதில் எழுதினார். உரிமையாளர் மாறியதை 20 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், நாம் வாழும் ஊரின் வாரியத்துக்கு அன்று, அட்டையை வழங்கிய மாநிலத்தின் கல்வி வாரியத்துக்கே தெரிவிக்க வேண்டும் என்றும் நினைவூட்டினார்.

பின்னர் நடந்தவை

ஓராண்டு கழித்து வாங்குபவர், விற்கும் எண்ணம் இல்லாமலே, இந்த வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன தருவீர்கள் என்று கேட்டார். 5 இலட்சம் யென் என்று உடனே பதில் வந்தது. கடை வாடகையும் சான்றுச் செலவும் இடையில் இருக்கின்றன என்று வணிகர் மறைக்காமல் விளக்கினார். விலை உயரும் என்ற வாக்குறுதியை அவர் ஒருபோதும் தந்ததில்லை என்பதை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். முதல் கடைக்காரர் அதை மூன்று முறையாவது சொல்லியிருந்தார்.

வார்ப்பு ட்சுபாவை வாங்குபவர் விற்கவில்லை. விற்றால் இன்னொருவர் ஏமாறுவார் என்பதால் பயிற்சிக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வருபவர்கள் அதைத் தடவிப் பார்க்கிறார்கள்.

'சுகேஹிரோ' என்ற அந்த வாள் என் மனத்தில் இன்னும் இருக்கிறது. பெயரைத் தவிர்த்துப் பார்த்தால் அது கெட்ட வாள் அன்று. யாரோ ஒரு திறமையான கொல்லர் அடித்தது. பெயர் போலி என்று தெரிந்த வாள்களில் அந்தப் பெயரை அரத்தால் அழித்துவிட்டு, பெயரற்ற வாளாக மீண்டும் மதிப்பீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. அழிக்கும்போது பழந்துருவும் போய்விடுகிறது. அந்த வாளுக்கும் அது நேருமோ என்று எண்ணும்போது வருத்தமாகவே இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முன்பணம் கொடுப்பதற்கு முன் காம்பைப் பார்த்திருக்க வேண்டும். ஆணி இறுகிவிட்டது என்ற சொல்லை ஏற்றது என் தவறு. ரசீதின் வாசகத்தைப் பணம் கைமாறுவதற்கு முன் படித்திருக்க வேண்டும். 1982க்கு முந்தைய சான்றை விலைக்கான காரணமாக ஏற்றிருக்கக் கூடாது. ட்சுபாவை, வாளுக்குத் துணைப்பொருள்தானே என்று எண்ணி, எவரிடமும் காட்டாமல் வாங்கியிருக்கக் கூடாது. ட்சுபா போன்ற துணைப்பொருள்களிலும் போலிகள் வாள்களில் இருப்பதைவிடக் குறைவில்லை.

ஜப்பானை விட்டுச் செல்லும் எண்ணம் உள்ளவர் இன்னும் ஒன்றைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். வாளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கலாசார விவகார முகமையின் அனுமதி தேவை; அப்போது பதிவு அட்டையை ஒப்படைக்க வேண்டும்; அனுமதி கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். சேரும் நாட்டின் சட்டம் தனி. வாங்குபவர் டோக்கியோவிலேயே தொடர்ந்து வாழ்வதால் இந்த நிகழ்வில் அது எழவில்லை. ஆனால் மாடிக் கடை வணிகர் விற்பதற்கு முன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அண்மையில் வேறொரு நண்பர் ஒரு கடையின் உரிம எண்ணை அனுப்பி, வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். காம்பின் படங்களையும், விற்பவர் எழுதித் தரவிருக்கும் ரசீதின் வாசகத்தையும் அனுப்பச் சொன்னேன். அவை இன்னும் வரவில்லை.